எண்ணெய் விலக்கிய பூதலிங்கம் பிள்ளை

கார்த்திகை மாதம் முதல் திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, பூதலிங்கம் பிள்ளை தம் வீட்டில் எண்ணெயை ஒழித்தார்.

அதற்கு முன்பும் அவர் பலவற்றை ஒழித்தவர்தான். காப்பியை ஒருமுறை ஒழித்தார். பதினோரு நாள் தாங்கியது. பகல் தூக்கத்தை ஒழித்தார், மூன்று நாள். மூக்குப்பொடியைக் காலையில் ஒழித்தார், சாயங்காலம் தும்மினார். யோசித்துப் பார்த்ததில் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. தம்மைத் தாமே திருத்திக்கொள்ளப் போனதுதான் தப்பு. ஒரு சீர்திருத்தம் நிலைக்கவேண்டுமானால் அதை அடுத்தவர்மேல் செய்யவேண்டும். வீட்டில் அடுத்தவர் என்று இருந்தது அவருடைய மனைவி நீலாம்பாள் ஒருத்திதான்.

பிள்ளையவர்கள் முப்பது வருஷம் சர்க்கார் கச்சேரியில் பேனா பிடித்து, தலைமைக் குமாஸ்தாவாகிப் பென்ஷன் வாங்கியவர். திருநெல்வேலியில் ரத வீதிக்குப் பின்னால் சொந்த வீடு. கச்சேரியில் அவர் இருமினால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் இருமினால் நீலாம்பாள் சுக்குக் கஷாயம் கொண்டுவந்து வைப்பாள். பென்ஷன் வாங்கிய மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய துக்கம் என்று வாங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தத் துக்கத்துக்கு மருந்தாக ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. பாளையங்கோட்டையில் ஒரு துரை சீமைக்குப் புறப்படும்போது தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் போட்டார். பிள்ளை ஒரு சாய்வு நாற்காலிக்கு ஆசைப்பட்டுப் போனார். நாற்காலி கிடைக்கவில்லை. யாரும் வாங்காமல் கிடந்த ஒரு கட்டுப் புத்தகம் கிடைத்தது. அதில் ஒன்று யாரோ ஜெர்மன் வைத்தியர் எழுதியது. முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. நடுவில் இருந்த நாற்பது பக்கத்தைப் பிள்ளை ஒரு வாரம் படித்தார். பாதி புரிந்தது. புரிந்த பாதியே ஒரு குடும்பத்தைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது.

"ஏளா, நீலா! இங்கன வா."

"தாளிச்சுக்கிட்டு இருக்கேன். கடுகு வெடிக்கு."

"அதைத்தான் சொல்லுதேன். இனிமே இந்த வீட்டுல கடுகு வெடிக்கக் கூடாது."

நீலாம்பாள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"கடுகு உங்களை என்ன செஞ்சுது?"

"கடுகு இல்லளா, எண்ணெய்! மனுஷனுக்குச் சத்துரு எண்ணெயும் நெய்யுந்தான். சீமை வைத்தியர் எழுதியிருக்காரு. சோறு இருக்கு, பருப்பு இருக்கு. அது போதும். கொழுப்பு வேணும்னா சரீரமே அதுல இருந்து உண்டாக்கிக்கிடுமாம். வெளிய இருந்து ஒரு சொட்டு ஊத்த வேண்டாமாம்."

"அதை அவரு எங்கன பாத்தாராம்?"

"எதை?"

"சரீரம் உண்டாக்கிக்கிடுததை. யாரு சரீரத்துல பாத்தாரு?"

பிள்ளை புத்தகத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பன்னி."

"என்னது?"

"பன்னிக்கு வெறும் தானியத்தையே போட்டு வளத்திருக்காரு. அது நல்லாக் கொழுத்துப் போயிருக்கு. அப்பம் அந்தக் கொழுப்பு எங்க இருந்து வந்துது? அதானே ஆராய்ச்சி!"

"சிவ சிவா! சைவ வீட்டுல பன்னி தின்னதைப் படிச்சுப் பாத்தா எனக்குச் சமையல் சொல்லித் தாரீய?"

"விதண்டாவாதம் பேசாத. எண்ணெய்ப் பானை பூராவையும் எடுத்து அரங்குக்குள்ள வை. நான் பூட்டப் போறேன்."

"சாமி விளக்குக்கு?"

"சாமிக்குத் தடை கிடையாது. நான் என்ன நாஸ்திகனா? விளக்குக்கு நானே அளந்து தருவேன்."

நீலாம்பாள் கரண்டியை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "சரி" என்றாள்.

முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனிதனுக்கு அந்தச் 'சரி'யின் அர்த்தம் புரிந்திருக்க வேண்டும். பிள்ளைக்குப் பெருமை பொங்கியது. அரங்கு என்னும் சாமான் அறையைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு, கச்சேரியில் ஒரு பெரிய உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்போல் உட்கார்ந்தார்.

நீலாம்பாள் உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினாள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவாமல் தோசை வார்த்தாள். அது கல்லை விட்டு வர மறுத்தது. சுரண்டி எடுத்ததைக் கொண்டுவந்து இலையில் போட்டு, "தோசை" என்று பெயரும் சொல்லிவிட்டுப் போனாள். அப்பளத்தைத் தணலில் காட்டினாள். பாதி கரி, பாதி பச்சை. சொதி வைத்தாள். தேங்காயிலும் எண்ணெய் இருக்கிறதே என்று தேங்காய்ப்பால் ஊற்றவில்லை. தேங்காய்ப்பால் இல்லாத சொதி என்பது காய்கறி குளித்த வெந்நீர். திருநெல்வேலிப் பிள்ளைமார் வம்சத்தில் அப்படி ஒரு சொதியைக் குடித்த முதல் மனிதர் பூதலிங்கம் பிள்ளைதான். பருப்புக்கு நெய் கிடையாது. அவர் மென்று மென்று விழுங்கினார். விக்கினால் தண்ணீர் குடித்தார்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் போயிற்று. வெறும் தலையில் ஆற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தார்.

மார்கழி முடிவதற்குள் அவர் உடம்பு ஒரு மாதிரியாகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் செதில் எழும்பியது. நகத்தால் கோடு போட்டால் சிலேட்டில் எழுதியதுபோல் தெரிந்தது. குதிகால் வெடித்தது. தலை சீவினால் சீப்போடு முடி வந்தது. காலில் ஒரு முள் கிழித்த காயம் மூன்று வாரமாக ஆறாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. ராத்திரி பகல் என்றில்லாமல் சொறிந்தார். கை எட்டாத இடத்தைத் தூணில் வைத்துத் தேய்த்தார்.

அவர் அங்கத்தினராக இருந்த சைவ சபையின் காரியதரிசி ஞானசம்பந்தம் பிள்ளை இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன வே இது? ஒடம்பெல்லாம் பொருக்கு விட்டுப் போயிருக்கு?"

"பழைய விஷம் வெளிய போகுது வே. அம்பது வருஷத்து எண்ணெய்! லேசுல போகுமா?"

"போயி முடிய எத்தனை நாளாகும்?"

"புஸ்தகத்துல அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சு" என்றார் பிள்ளை. சொல்லிவிட்டு முதுகைத் தூணுக்குக் கொடுத்தார்.

இவ்வளவும் அவரோடு போயிருந்தால் நீலாம்பாள் சும்மா இருந்திருப்பாள். புருஷன் தானாகத் தேடிக்கொண்ட சொறியைத் தானே சொறிந்துகொள்ளட்டும் என்பது அவளுடைய கட்சி. ஆனால் அவர்களுடைய ஒரே மகள் சண்முகசுந்தரி தலைப்பிரசவத்துக்குச் சீவலப்பேரியிலிருந்து வந்திருந்தாள். தை பிறந்து எட்டாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு அந்தச் சீமையில் உளுந்தங்களி கொடுப்பார்கள். உளுந்து மாவையும் கருப்பட்டியையும் கிண்டி, சூடாக உருட்டி வைத்து, நடுவில் விரலால் குழி பறித்து, குழி நிறைய நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். எண்ணெய் இல்லாத உளுந்தங்களியை யாரும் விழுங்க முடியாது. சண்முகசுந்தரி இரண்டு நாள் முயன்று பார்த்தாள். தொண்டையில் நின்றது. மூன்றாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். குழந்தை பாலுக்கு முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அலறியது. அதற்குப் பால் போதவில்லை.

மேலப்பாளையத்திலிருந்து வந்து பிரசவம் பார்த்த ஆபிதா பீவி குழந்தையின் காலைப் பிடித்துப் பார்த்தாள். சதைப்பற்றே இல்லை. நேராகப் பிள்ளையிடம் வந்தாள்.

"ஐயா, பெத்த ஒடம்பு காஞ்சு கெடக்கு. களியில கொஞ்சம் தாராளமா எண்ணெயை ஊத்திக் குடுங்க. பால் தானா வரும்."

"நீ படிக்காதவ. ஒனக்குத் தெரியாது. சீமை வைத்தியர் ஒருத்தர்…"

"அவரு எத்தனை பிள்ளை பெத்தாராம்?"

"அவர் ஆம்பளை!"

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆபிதா பீவி போய்விட்டாள்.

அன்று மத்தியானம் நீலாம்பாள் கணவர் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க."

"பத்து நாள் பொறு. சரீரமே உண்டாக்கிக்கிடும்."

"பச்சைப் பிள்ளை அழுகுது. காதுல விழலையா?"

விழாமல் என்ன? பேரன் அழும்போதெல்லாம் பிள்ளையின் கையும் அரைஞாண் சாவியைத் தேடிப் போயிற்று. எழுந்து போய்ச் சாவியை எறிந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் சபை முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. இப்போது திறந்துவிட்டால் ஞானசம்பந்தம் சிரிப்பார். பேரனுடைய பசிக்கும் ஞானசம்பந்தத்தின் சிரிப்புக்கும் நடுவில் பூதலிங்கம் பிள்ளை நின்றார். நின்று, வெட்கம் கெட்ட மனிதர், ஞானசம்பந்தத்தின் சிரிப்புக்குத்தான் பயந்தார்.

"கொள்கைன்னா கொள்கைதான்" என்றார்.

அடுத்த வீட்டில் ஓர் உழக்கு எண்ணெய் கைமாற்று வாங்க நீலாம்பாளுக்குத் தெரியாதா? வாங்கலாம். ஆனால் பிள்ளைக்கு வேறு வேலை கிடையாது. நாளுக்கு மூன்று தடவை அடுக்களைக்குள் வந்து மோந்து பார்த்தார். அதோடு, பெற்ற மகளுக்குத் தாய்வீட்டில் திருட்டுச் சோறு போடுவதா என்று அவளுக்கு ரோஷம் வந்தது. ஊரறிய, அதுவும் அவர் கையாலேயே வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று தீர்மானித்தாள். தீர்மானித்த பிறகு அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. வெற்றிலை மடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நாளைக்கு நாங்குநேரிக்கு ஆள் அனுப்பலாம்னு இருக்கேன்" என்றாள் பைய.

"நாங்குநேரிக்கா? எதுக்கு?"

"அங்கன பெருமாளுக்கு எண்ணெய்க் காப்பு நடக்குல்லா? அந்த எண்ணெயைச் சீக்காளியெல்லாம் வாங்கிட்டுப் போயித் தடவுதாவ, குடிக்காவ. சொறி சிரங்குக்குக் கைகண்ட மருந்தாம். உங்க காலுக்கும் ஆச்சு, இவளுக்கும் ஆச்சு."

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். வெற்றிலை வாயிலேயே நின்றது.

"பெருமாள் கோயில் எண்ணெயா? நம்ம வீட்டுக்கா? ஏளா, நான் சைவ சபையில ஒரு அங்கத்தினன்! என் சொறிக்குப் பெருமாள் கிட்டப் போயி நிக்கணுமா?"

"எந்தச் சாமியா இருந்தா என்ன? பிரசாதம்தானே?"

"பிரசாதம் நம்ம சாமி குடுக்கமாட்டாரா? பூசை அறையில இருக்காரே பிள்ளையாரு, எங்க பாட்டனார் காலத்துக் கல்லு, அவருக்கு என்ன கொறைச்சல்? அவருக்கு ஊத்தினா எண்ணெய்க் காப்பு ஆகாதா?"

"ஐய, நம்ம பிள்ளையாரு ஒரு சாண் உசரம். அவருக்கு ஒரு கரண்டி ஊத்தினாப் போதும். அங்கன பெருமாளுக்குப் படிக்கணக்குல ஊத்துதாவ. அதோட இதைச் சேத்துப் பேசலாமா?"

அவ்வளவுதான். பூதலிங்கம் பிள்ளை எழுந்துவிட்டார்.

"என்ன சொன்ன? பெருமாளுக்குப் படிக்கணக்கு, எங்க பிள்ளையாருக்குக் கரண்டியா? நாளைக்குக் காலம்பற இருந்து தினம் ரெண்டு உழக்கு! சுத்த நல்லெண்ணெய்! நானே அளந்து தாரேன். எவன் என்ன சொல்லுதான்னு பாப்போம்!"

நாங்குநேரிப் பெருமாளை ஒரே நாளில் தோற்கடித்துவிட்ட சந்தோஷத்தில் அவர் அரங்கைத் தம் கையாலேயே திறந்தார். தம் கையாலேயே எண்ணெயை அளந்தார். மறுநாள் காலையில் பிள்ளையார் தலையில் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினார். எண்ணெய் வழிந்து கீழே தாம்பாளத்தில் நிறைந்தது. நீலாம்பாள் அதை ஒரு சொட்டு சிந்தாமல் வடித்து எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தாள். அப்போதுதான் பிள்ளைக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

"ஏளா, நில்லு. அந்த எண்ணெயை எங்க கொண்டு போற?"

"எந்த எண்ணெயை?"

"கையில இருக்கே, அதை."

"இது எண்ணெயா? பிரசாதம்லா இது. சபையில நீங்க பேசினதை மறந்துட்டீயளா? நாங்க பொம்பளைக எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்?"

பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் சபையில் ஒரு பெரிய தர்க்கம் நடந்தது. காரியதரிசி ஞானசம்பந்தத்துக்கு நீரிழிவு. அவர் பஞ்சாமிருதம் சாப்பிடலாமா, கூடாதா? பூதலிங்கம் பிள்ளை எழுந்து ஒரு மணி நேரம் பேசினார். ஆண்டவன் திருமேனியில் பட்ட பிறகு பால் பாலல்ல, தேன் தேனல்ல, சர்க்கரை சர்க்கரையல்ல, எல்லாம் அருள் என்று முடித்தார். கைதட்டல் வெகுநேரம் அடங்கவில்லை. ஞானசம்பந்தம் இரண்டு தொன்னை பஞ்சாமிருதம் தின்றுவிட்டு ஒரு வாரம் படுத்துக் கிடந்தார். ஆனால் தீர்ப்பு தீர்ப்பாகவே நின்றது.

"பால் பாலில்ல, தேன் தேனில்லன்னு சொன்னீய. அப்பம் எண்ணெய் மட்டும் எண்ணெயா?" என்று கேட்டாள் நீலாம்பாள்.

எண்ணெய்தான் என்று சொன்னால் பிள்ளை வாழ்நாளில் வாங்கிய ஒரே பெரிய கைதட்டல் பொய்யாகிவிடும். இல்லை என்று சொன்னால் எண்ணெய் உள்ளே போகும்.

"அது… பிரசாதம்னா பிரசாதந்தான்" என்றார்.

அன்றைக்கு உளுந்தங்களியில் குழி பறித்தது நீலாம்பாளின் கட்டை விரல். குழி நிறைய அருள். சண்முகசுந்தரி இரண்டு உருண்டையை நெஞ்சடைக்காமல் தின்றுவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வாரத்தில் பால் சுரந்தது. குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது. அது தூங்குகிற சத்தத்தை முதல்முதலாகக் கேட்டபோது நீலாம்பாள் அடுக்களையில் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு உழக்கில் மகளுக்குப் போக மிச்சம் இருக்குமல்லவா? பிரசாதத்தைக் கீழே கொட்டலாமா? பாவம். ஆகவே பிரசாதத்தில் கடுகு வெடித்தது. பிரசாதத்தில் அப்பளம் பொரிந்தது. தோசை கல்லைச் சுற்றிப் பிரசாதம் வழிந்து ஓரம் முறுகலாக எழும்பியது. பிள்ளையின் இலையில் மட்டும் பழைய கரிக்கட்டை அப்பளம். "நீங்க விரதம்லா" என்றாள் நீலாம்பாள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

மூன்று நாள் வாசனையைப் பிடித்துக்கொண்டு பொறுத்தார். நாலாம் நாள் பூசை முடிந்ததும் தீர்த்தம் வாங்குகிறமாதிரி உள்ளங்கையை நீட்டினார்.

"பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லுதது அபசாரம்லா?" என்றார்.

"அபசாரந்தான்" என்று சொல்லி நீலாம்பாள் ஊற்றினாள்.

அவர் குடித்தார். உள்ளங்கையில் மிச்சம் இருந்ததைத் தலையில் தேய்த்தார், காலில் தேய்த்தார். மறுநாள் இரண்டு கை நீட்டினார். அதற்கடுத்த நாள் பிரசாத அப்பளம் ஒன்று, சும்மா பக்திக்காக. பிறகு நாலு. பக்தி அவருக்கு நாளொரு மேனியாக வளர்ந்தது. பிள்ளையாருக்கு இரண்டு உழக்கு போதாது, மூன்றாக்கலாம் என்று அவரே சொன்னார். சனிக்கிழமைகளில் அபிஷேகம் முடிந்த கையோடு இடுப்பில் ஒரு துண்டோடு உட்கார்ந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை அருளைப் பூசிக்கொண்டார்.

மாசி பாதியாவதற்குள் செதில் உதிர்ந்தது. குதிகால் வெடிப்பு மூடியது. ஆறாத காயம் ஆறியது. வழுக்கை விழப்போகிறது என்று பயந்த இடத்தில் முடி நின்றுகொண்டது. கண்ணாடியில் பார்த்தார், முகம் மினுமினுத்தது. ஒரு சாதாரண மனிதனாக இருந்தால் இதற்குக் காரணம் என்னவென்று அவனுக்குப் புரிந்திருக்கும். பூதலிங்கம் பிள்ளை படித்தவர்.

"பாத்தியாளா? பழைய விஷமெல்லாம் போயிடுச்சு! மூணு மாசம் ஒரு சொட்டு எண்ணெய் தொடாம இருந்தேன், இப்பம் ஒடம்பு எப்படிப் பளபளங்குது! பேரனைப் பாரு, எப்படி உருண்டு தெரண்டு கெடக்கான்! சீமை வைத்தியர் சீமை வைத்தியர்தான்!"

"ஆமா" என்றாள் நீலாம்பாள்.

அந்த வாரமே சபையில் ஒரு விசேஷப் பிரசங்கம். தலைப்பு: எண்ணெயற்ற வாழ்வு. பிள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கி, நாற்காலியில் காலை வைத்துச் சபையோருக்குக் காட்டினார்.

"இந்தக் கால் மார்கழியில் எப்படி இருந்தது என்று காரியதரிசி அவர்களுக்குத் தெரியும்! இன்று பாருங்கள்! இதற்குக் காரணம் எண்ணெயை ஒழித்தது! என் வீட்டில் பச்சைக் குழந்தையும் பெற்ற தாயும் இருக்கிறார்கள். ஒரு சொட்டு எண்ணெய் உண்டா? கிடையாது! அந்தக் குழந்தையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்!"

ஞானசம்பந்தம் கிட்டப் போய்க் காலைத் தடவிப் பார்த்தார். வழுக்கியது. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் நாற்பது வீட்டு ஆம்பிள்ளைகள் வீட்டுக்குப் போய் எண்ணெய்ப் பானையைப் பூட்டினார்கள்.

மறுநாள் காலையில் பிள்ளை வாசலில் உட்கார்ந்திருந்தபோது, காரியதரிசியின் மனைவி வடிவம்மாள் முன்னால் வர, பின்னால் ஏழெட்டுப் பெண்கள் விடுவிடுவென்று வந்தார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லை.

"நீலாக்கா எங்கன?"

"உள்ள இருக்கா. என்ன விஷயம்?"

"உங்க கால் பட்டுத்தான் எங்க குடும்பம் வெளங்கப் போகுது" என்று சொல்லிவிட்டு வடிவம்மாள் உள்ளே போனாள்.

பிள்ளை அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். ஒரு சீர்திருத்தக்காரனுடைய மனைவியிடம் யோசனை கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். இது ஒன்றை மட்டும் சரியாகத்தான் நினைத்தார். உள்ளே கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. பிறகு ஒருத்தி, "எங்க வீட்டுல முருகன் படந்தான் இருக்கு, படத்துல எப்படி ஊத்த?" என்று கேட்டது காதில் விழுந்தது. "கல்லுல ஒரு பிள்ளையாரு வாங்கி வை" என்றாள் நீலாம்பாள். அப்புறம் கிணற்றடி வரைக்கும் ஒரே சிரிப்பு. போகும்போது ஒருத்தி முகத்திலும் கோபம் இல்லை. வடிவம்மாள் பிள்ளையைப் பார்த்து ஒரு கும்பிடுகூடப் போட்டாள்.

அந்த மாதம் அவருக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனது. தெருவில் பெண்கள் விலகி நின்று வழிவிட்டார்கள். பாளையங்கோட்டைச் சபையிலிருந்து பேச வரும்படி கடிதம் வந்தது. நண்பர்கள் எல்லாரும் வீட்டில் எண்ணெய் இல்லாமல் கொழுகொழுவென்று இருந்தார்கள். ஊரில் பக்தியும் பெருகிவிட்டது என்று ஞானசம்பந்தம் சொன்னார். வீட்டுக்கு வீடு விடியற்காலையில் மணி அடிக்கும் சத்தம் கேட்கிறதாம். இரண்டுக்கும் தாமே காரணம் என்று பிள்ளை அடக்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

பங்குனியில் ஒரு நாள் வாசலில் நாதசுரம் கேட்டது. பிள்ளை எழுந்து பார்த்தார். முன்னால் நாதசுரம், தவில். பின்னால் ஒரு தாட்டியான மனிதர், கையில் கதலிப்பழத் தாறு ஒன்று. அவருக்குப் பின்னால் இரண்டு பேர் மாலையும், வாய் கட்டிய ஒரு பெரிய குடமும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெருக் கோடியில் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டும் பாபநாசம் செட்டியார் அவர். வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையின் கழுத்தில் மாலையைப் போட்டார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

"என்ன வே இது? எனக்கு எதுக்கு மாலை?" என்றார் பிள்ளை, மாலையைக் கழற்றாமல்.

"அண்ணாச்சி, நீங்க நல்லா இருக்கணும். எங்க குடும்பத்துக்கே தெய்வம் நீங்க. போன வருஷம் ஒத்தைச் செக்கு. மாடும் கெழடு. இன்னைக்கு மூணு செக்கு ஓடுது, ராப்பகலா ஓடுது. எள்ளு போதலை, கோவில்பட்டியில இருந்து வண்டி கட்டி வருது."

"அதுக்கு எனக்கு என்ன?"

"நீங்க சபையில பேசினீயள்லா அண்ணாச்சி! அன்னைக்கு ஆரம்பிச்சதுதான்."

பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஓய்! நான் எண்ணெய் கூடாதுன்னுல்லாவே பேசினேன்!"

"அதேதான் அண்ணாச்சி! முன்னால ஒரு வீட்டுக்கு மாசம் நாலு உழக்கு போகும். அதுலயும் பொம்பளைக பாத்துப் பாத்துத்தான் செலவழிப்பாவ. நீங்க கூடாதுன்னு பேசினதுக்குப் பொறவு, வீட்டுக்கு வீடு பிள்ளையாரு தினம் ரெண்டு உழக்கு குளிக்காரு. ஆம்பளைகளே முன்ன நின்னு அளந்து வாங்குதாவ, சாமி காரியம்லா, ஒருத்தரும் கொறைக்கச் சொல்லுததில்லை. காரியதரிசி வீட்டுல மட்டும் அஞ்சு உழக்கு!"

"காரியதரிசி வீட்டுலயா? அவரு எண்ணெய் தொடுததே இல்லைன்னாரே!"

"தொடுததே இல்லை அண்ணாச்சி. உங்களை மாதிரிதான்."

தவில்காரன் சிரிப்பை அடக்க வாத்தியத்தின்மேல் குனிந்துகொண்டான். பூதலிங்கம் பிள்ளை மெல்லக் குனிந்து தம் காலைப் பார்த்தார். கால் பளபளவென்று இருந்தது. பிறகு திரும்பி உள்ளே பார்த்தார். நீலாம்பாள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் முப்பது வருஷத்துச் 'சரி'கள் அத்தனையும் இருந்தன. அவள் அவரைப் பார்க்கவில்லை; செட்டியாரைப் பார்த்துச் சொன்னாள்:

"செட்டியாரே, அடுத்த வாரம் இவிய பாளையங்கோட்டையில பேசப் போறாவ, அங்கன இன்னொரு செக்குக்கு இப்பமே இடம் பாத்து வையுங்க."